கொட்டகையில் கேட்ட கேள்வி

ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா போவதா என்று நடந்த அந்த ஓட்டெடுப்புக்குப் பிறகு இந்த நாட்டில் இரண்டு சொற்கள் பழையபடி இல்லாமல் போயின. 'போகிறேன்' என்றாலும் 'இருக்கிறேன்' என்றாலும் கட்சி கட்டியதாகிவிடும். விருந்துக்குப் போன வீட்டில் நேரமாகிவிட்டதென்று எழுந்து, "சரி, நாங்க கிளம்பறோம்" என்றால், "வெளியேறும் ஒப்பந்தம் போட்டாச்சா?" என்று யாராவது ஒருவர் கேட்பார். எல்லாரும் சிரிப்பார்கள். மூன்று வருடமாக அதே வேடிக்கை, அதே சிரிப்பு. தென்கிழக்கு லண்டனில் வெதர்லி ஹில் என்ற மேட்டுத் தெருவில் குடியிருந்த மால்கம் பிரெட்வெல் அந்தச் சொற்களில் இடறி விழுந்தது 2019ஆம் வருடத்து வசந்தகாலத்தில்.

மால்கம் ஓய்வுபெற்ற ஓட்டுநர் தேர்வாளர். வேலையில் இருந்த காலமெல்லாம் நடுங்கும் கைகளுக்கு அருகில் உட்கார்ந்து, "அடுத்த சந்திப்பில் இடதுபுறம் திரும்புங்கள்" என்று ஒரே குரலில் சொல்லிக்கொண்டிருந்தவர். நன்றாக ஓட்டினாலும் பாராட்ட மாட்டார், மோசமாக ஓட்டினாலும் முகம் சுளிக்க மாட்டார். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. அவர் மனைவி டோரீன் ஒருநாள், கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஒருவரோடு போய்விட்டாள். அதற்குப் பிறகும் அந்த ஆசாமியின் மாணவர்கள் மால்கமிடம் தேர்வுக்கு வந்தார்கள். தேற வேண்டியவர்களைத் தேற வைத்தார். தன் வாழ்க்கையில் பெருமைப்பட ஒன்று உண்டென்றால் அதுதான் என்பது அவர் எண்ணம். தோற்க வேண்டியவர்கள் தோற்றபோது கொஞ்சம் சந்தோஷமாக இருந்ததா என்று அவர் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. கேட்டிருந்தால் பெருமை சற்றுக் குறைந்திருக்கும்.

ஓய்வுக்குப் பிறகு அவருடைய நாட்கள் அந்தப் பகுதியின் இணைய மன்றத்தில் கழிந்தன. காணாமல் போன பூனை, புது ரொட்டிக் கடையின் விலை, வாசலை மறித்து நிற்கும் வண்டி என்று எதுவும் அங்கே வரும். ஒவ்வொரு விஷயத்துக்கும் தனியாக ஓர் இழை, பதில்கள் அதன் கீழே தொடரும். மன்றத்தை நடத்தியவர் க்விலிம் என்ற வேல்ஸ்காரர், முன்னாள் மருந்துக்கடைக்காரர். ஓட்டெடுப்பு வருடத்தில் பூனை இழையில்கூட அரசியல் புகுந்து அடிதடியானதால் அவர் ஒரு விதி போட்டார். ஐரோப்பாவிலிருந்து வெளியேறுவது பற்றிய சண்டையெல்லாம் ஒரே இழையில்தான் நடக்க வேண்டும். அந்த இழைக்குப் பெயர் 'கொட்டகை'.

மன்றத்தில் எல்லாருக்கும் புனைபெயர். மால்கமின் பெயர் 'கண்ணாடியைப் பார்'. வெளியேற வேண்டும் என்ற கட்சி. எழுதும்போதும் தேர்வாளர் நடைதான், முற்றுப்புள்ளி தவறாது. அவருக்கு நேர் எதிரி 'மஞ்சள் கதவு' என்ற பெண்மணி.

"இன்று காலை நரி எனது குப்பைத் தொட்டியைக் கவிழ்த்துவிட்டது. அனைவரும் மூடியின் மீது செங்கல் வைக்கவும்" என்று மால்கம் எழுதினால், அடுத்த நிமிடம் மஞ்சள் கதவு வந்துவிடுவாள்.

"நரிக்கு எல்லை தெரியலை பாவம். உங்க கட்சிக்காரங்ககிட்ட சொல்லுங்க, நரிக்கும் பாஸ்போர்ட் குடுத்துடலாம். நீங்க ஆசைப்படற நீலக் கலர்ல."

"அது உள்நாட்டு நரி. அதற்கு இங்கே இருக்க உரிமை உண்டு."

"உள்நாடோ வெளிநாடோ, அது தின்னது உங்க வீட்டு பிரெஞ்சு சீஸ். தெருவே பார்த்துச்சு, அட்டைப்பெட்டிய எங்க வாசல்ல போட்டுட்டுப் போச்சு."

"ரெண்டு பேரும் கொட்டகைக்குப் போங்க. இது குப்பை இழை" என்பார் க்விலிம்.

யார் எந்தப் பெயரில் எழுதுகிறார்கள் என்பது தெருவில் எல்லாருக்கும் தெரியும். மஞ்சள் கதவு என்பது இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கும் ரோஸ்மண்ட் கீல். நகராட்சி நீச்சல் குளத்தில் பயிற்சியாளர். வீட்டுக் கதவு நிஜமாகவே மஞ்சள். ஆனால் தெரியும் என்று காட்டிக்கொள்வது மகா அநாகரிகம். மன்றத்தில் எழுதியதைத் தெருவில் பேசக்கூடாது. அதை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை, அதனால் யாரும் மீறவும் இல்லை. முந்தின நாள் மாலை கொட்டகையில் "நீங்க எல்லாம் சேர்ந்து நாட்டைக் குழியில தள்ளிட்டீங்க" என்று எழுதிய ரோஸ்மண்ட், காலையில் மால்கமைத் தெருவில் பார்த்தால், "இன்னிக்குக் கொஞ்சம் காத்து ஜாஸ்தி, இல்ல?" என்பாள். "ஆமா, ஆனா வெயில் வரும்ங்கறாங்க" என்பார் அவர். முடிந்தது. மூன்று வருடத்தில் இருவரும் நேருக்கு நேர் பேசியது அவ்வளவுதான். ஆனால் ஒரு நாளில் மால்கம் அதிகமாக நினைத்துக்கொண்ட மனிதர் ரோஸ்மண்டாகத்தான் இருக்கும். காலையில் டீ போடும்போதே அவளுக்கு என்ன பதில் எழுதலாம் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவார்.

இந்த நேரத்தில்தான் ஜோசலினின் விஷயம் முற்றியது. ஜோசலின் அவருடைய ஒரே மகள். வடக்கே ஹெக்ஸமில் கணவனோடு இருக்கிறாள். வீட்டுப் பின்புறம் இருந்த பழைய கட்டடத்தை அப்பாவுக்காக இரண்டு அறையாக்கிக்கொண்டிருந்தாள். கிறிஸ்துமஸுக்குப் போனபோது அவள் கேட்டாள், இவரும் சாப்பாட்டு மயக்கத்தில் "வந்துடறேன்" என்று சொல்லிவிட்டார். சொன்ன நாளிலிருந்து சந்தேகம். வியாழக்கிழமை அவள் போன் செய்தாள்.

"டாட், ஷவர் மாட்டியாச்சு. வழுக்காத தரை போட்டிருக்கேன். வீட்ட விக்க ஆள் பார்த்தீங்களா?"

"பார்க்கணும்."

"பார்க்கணும் பார்க்கணும்னு எத்தன மாசம்? அந்த மேட்டுல பனி காலத்துல நீங்க விழுந்தா யார் வந்து தூக்கறது? ஞாயித்துக்கிழமைக்குள்ள தேதி சொல்லிடுங்க. இல்லன்னா நானே வந்து மூட்டை கட்டிருவேன்."

மால்கம் போனை வைத்துவிட்டு சன்னல் பக்கம் உட்கார்ந்தார். பனி, படி, வழுக்காத தரை. மகள் சொன்ன காரணங்களில் ஒன்றுகூடத் தப்பில்லை. தேர்வுத்தாளாக இருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பார். ஆனால் அந்தக் காரணங்களில் எங்கேயும் அவர் இல்லை, அவருடைய கால்கள்தான் இருந்தன. அங்கே தன்னைச் சுமையாக ஏற்கிறார்கள். இங்கே 'போகாதே' என்று சொல்ல ஒரு ஜீவன் கிடையாது. அப்படி யாராவது சொல்வார்களா என்று தெரிந்துகொள்ள அவருக்கு ஆசையாக இருந்தது. இந்த வயதில் இப்படி ஓர் ஆசை வருவது அவருக்கே கூச்சமாகவும் இருந்தது. அதனால் பொதுவாக யோசனை கேட்பதுபோல மன்றத்தில் கேட்டார்.

"வெளியேறுவது என்று உறுதியாகச் சொல்லியிருந்தேன். இப்போது அவ்வளவு உறுதி இல்லை. இத்தனை வருடம் பழகிய இடம். போய்விட்டால் திரும்பி வருவது நடக்காத காரியம். இருந்துவிடலாமா? ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்."

'யோசனை கேட்கலாம்' என்று ஓர் இழை உண்டு. அங்கேதான் போட்டதாக அவர் நினைத்தார். மூன்று வருடமாக அவருடைய விரல் கொட்டகையைத் தவிர வேறெங்கும் போனதில்லை. விரல் தன் வழக்கப்படி போனது.

கொட்டகை அல்லோலகல்லோலப்பட்டது. வெளியேறும் கட்சியின் தூணே சாய்ந்துவிட்டதே! பதில்கள் ஒவ்வொன்றாக அவருடைய போனில் சின்னக் கட்டத்தில் வந்து விழுந்தன. எந்த இழை என்று அந்தக் கட்டத்தில் இருக்காது, பதில் மட்டும் இருக்கும்.

முதலில் வந்தவன் 'குழாய்ராஜா'. கீழ்க்கோடியில் இருக்கும் ஷேன் என்ற பிளம்பர். மால்கமின் கட்சிக்காரன்.

"என்ன தலைவா இது? போறேன்னா போயிரணும். வாசல்ல நின்னு கோட்டை மாட்டறதும் கழட்டறதுமா இருந்தா பார்க்கறவன் சிரிக்க மாட்டானா?"

மால்கமுக்குச் சுருக்கென்றது. போன குளிர்காலத்தில் இதே ஷேன் இவர் வீட்டு பாய்லரை ரிப்பேர் செய்துவிட்டு, சமையலறையில் உட்கார்ந்து ஒரு பாக்கெட் பிஸ்கட்டைக் காலி செய்துவிட்டுப் போனவன். தன்னைத் தெருவை விட்டு அனுப்புவதில் அவனுக்கு இவ்வளவு அவசரம் இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை.

"ஞாயித்துக்கிழமைக்குள்ளயா? பார்லிமென்டே திணறுது, நீங்க வார கடைசிக்குள்ள முடிச்சிடுவீங்களா?" என்று இன்னொருவர்.

"அங்க போனா என்ன கிடைக்கும்னு யாராவது தெளிவா சொன்னாங்களா? எழுதி வாங்கினீங்களா?" என்று வேறொருவர்.

நியாயமான கேள்வி என்று மால்கமுக்குப் பட்டது. ஷவரைத் தவிர ஜோசலின் எதையும் தெளிவாகச் சொல்லவில்லை.

"மீன் விஷயம் என்ன ஆச்சு? மீன் யாருக்கு?"

மருமகன் ஆற்றில் தூண்டில் போடுகிறவன் என்பது இவர்களுக்கு எப்படித் தெரியும் என்று வியந்துகொண்டே, "மீன் அவர்களுக்கே. எனக்கு அதில் ஆர்வம் இல்லை" என்று எழுதினார். அதற்குச் சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன.

"எல்லையில வேலி வருமா வராதா, அதச் சொல்லுங்க முதல்ல."

மகள் வீட்டுக்கும் தன் அறைகளுக்கும் நடுவில் இருப்பதை நினைத்து மால்கம் எழுதினார்: "வேலி கிடையாது. செடிவரிசை மட்டும்தான். நடுவே ஒரு சிறிய கதவு. பூட்டு இருக்காது."

அவ்வளவுதான், கொட்டகை அவரைத் தூக்கிவைத்துக் கொண்டாடியது. மூன்று வருடமாக அறிஞர்கள் மண்டையை உடைத்துக்கொண்ட பிரச்சினைக்குக் கண்ணாடி நாலே வாக்கியத்தில் தீர்வு சொல்லிவிட்டார் என்று ஒருவர் எழுதினார். மால்கமுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் பாராட்டு என்பது எப்போதாவது கிடைப்பது. அதைத் திருப்பியனுப்ப அவருக்கு மனம் வரவில்லை.

பிறகு மஞ்சள் கதவு எழுதினாள்.

"மூணு வருஷமா நான் தொண்டை கிழிய இதத்தானே சொல்லிக்கிட்டிருக்கேன்? இருங்க. தயவுசெஞ்சு இருங்க. நீங்க போனா எங்களுக்கும் நஷ்டம், உங்களுக்கும் நஷ்டம். இதுக்கு மேல எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியலை."

மால்கம் எழுந்து நின்றார். உட்கார்ந்தார். அந்தச் சின்னக் கட்டத்தை மறுபடி படித்தார். மூன்று வருடமாகவா? நரி, சீஸ், பாஸ்போர்ட் என்று அவள் எழுதியதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்து, வேறு வேறு முகம் காட்டின. தான் நினைத்தபடி உலகம் இல்லை என்று தெரியவரும்போது மனிதனுக்குப் பயம் வரும் என்பார்கள். மால்கமுக்கு அப்போது வந்தது பயம் இல்லை. டீ ஆறிப்போனது. அவர் கவனிக்கவில்லை.

"எனக்கு இது தெரியாது," என்று எழுதினார். "தெரிந்திருந்தால் கிறிஸ்துமஸிலேயே வேறு மாதிரி பேசியிருப்பேன். மிக்க நன்றி."

"நன்றியா? கண்ணாடி, உங்களுக்கு ஜுரம் கிரம் அடிக்குதா?"

"நலமாக இருக்கிறேன். ஜோசலினிடம் வரவில்லை என்று சொல்லிவிடப் போகிறேன். அவள் ஷவர் வரை மாட்டிவிட்டாள் என்பதுதான் சங்கடம்."

கொட்டகை நின்றுவிட்டது. ஒரு சிரிப்புப் பொம்மைகூட வரவில்லை. கடைசியில் க்விலிம் எழுதினார். மன்றத்தில் அவர் எவரையும் நிஜப் பெயர் சொல்லி அழைத்ததில்லை.

"மால்கம், இது கொட்டகை."

மால்கம் போனைத் திருப்பி, இழையின் தலைப்பைப் பார்த்தார். மேலிருந்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தார். மீன் என்றது கடலில் மீன்பிடிக்கும் உரிமை. வேலி என்றது அயர்லாந்து எல்லை. எல்லாம் நாட்டைப் பற்றியது. தயவுசெஞ்சு இருங்க என்பதும் நாட்டைப் பற்றியது.

இதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மகள் எந்த ஊரில் இருக்கிறாள் என்பது தெருவுக்கே தெரியும், அவர்கள் மரியாதை காட்ட ஆரம்பித்தார்கள். "ஹெக்ஸம் ரொம்ப நல்ல ஊர்னு கேள்விப்பட்டிருக்கேன்" என்றார் ஒருவர். "அங்க காத்து சுத்தமா இருக்கும்" என்றார் இன்னொருவர். "மகளோட இருக்கறது எவ்வளவு பெரிய கொடுப்பினை" என்றார் மூன்றாமவர். ஷேன் எழுதியதுதான் எல்லாவற்றையும் விட வலித்தது. "சாரி சார். எனக்குத் தெரியாது சார்." ஒரு மணி நேரம் முன்புவரை தலைவாவாக இருந்தவர் சாராகிவிட்டார். நாடு போவதா இருப்பதா என்று மூன்று வருடம் கூச்சலிட்டவர்கள், ஒரு மனிதன் போவதா இருப்பதா என்றதும் வாய் பொத்திக்கொண்டார்கள். அது அவனவன் சொந்த விஷயமாம். இந்த நாட்டில் அன்புக்கும் அலட்சியத்துக்கும் ஒரே உடைதான் தைத்திருக்கிறார்கள். உள்ளே யார் என்று பார்த்துச் சொல்ல முடியாது.

மஞ்சள் கதவு எதுவுமே எழுதவில்லை.

பதில் கிடைத்துவிட்டது என்று மால்கம் முடிவு செய்தார். காலையில் ஜோசலினுக்குத் தேதி சொல்லிவிட வேண்டியதுதான்.

மறுநாள் குப்பை எடுக்கும் நாள். தொட்டியை உருட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, தெரு முழுக்க அதே வேலையாக நின்றிருந்தது. மேலே ஒரு வீட்டு வாசலில் ஷேன் வேனில் ஏணி ஏற்றிக்கொண்டிருந்தான். இவரைப் பார்த்ததும் ஏணியில் ஏதோ கோளாறு இருப்பதுபோலக் குனிந்துகொண்டான். ரோஸ்மண்ட் தன் தொட்டியைப் பாதி வழியில் விட்டுவிட்டு இவரை நோக்கி வந்தாள். காற்றைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று மால்கம் பதிலைத் தயாராக வைத்துக்கொண்டார்.

"நேத்து நான் எழுதினது ஐரோப்பாவப் பத்தித்தான்" என்றாள்.

தெருவில், பட்டப்பகலில், மன்றத்துப் பேச்சு. மால்கம் தொட்டியின் பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"தெரியும். தப்பு என்னோடது. விரல்..."

"நான் முடிக்கலை. ஐரோப்பாவப் பத்தித்தான் எழுதினேன். ஆனா எழுதினத வாபஸ் வாங்கல."

"புரியலைங்க."

"உங்களுக்கு எதுதான் சட்டுனு புரிஞ்சிருக்கு?" குரல் இப்போது நீச்சல் குளத்துக் குரலாகிவிட்டது, குளத்தின் அந்தக் கோடியில் மூழ்கிக்கொண்டிருப்பவனுக்கும் கேட்கிற குரல். "மூணு வருஷமா நீங்க சொன்னது ஒண்ணுகூட சரியில்ல. மீன், பாஸ்போர்ட், அந்த நரி, எல்லாமே தப்பு. நான் காலைல எழுந்தா பல்லு விளக்கறதுக்கு முன்னாடி நீங்க என்ன உளறியிருக்கீங்கன்னுதான் பார்க்கறேன். நீங்க ஹெக்ஸம் போயிட்டா நான் யார்கிட்ட சண்டை போடறது? இவன்கிட்டயா?" என்று ஷேனைக் காட்டினாள். "இவனுக்கு எழுத்துப்பிழை இல்லாம ஒரு வரி எழுதத் தெரியாது."

"ஹேய், நான் இங்கதான் நிக்கறேன்!" என்றான் ஷேன்.

"தெரிஞ்சுதான் சொல்றேன்."

"ஹெக்ஸம்லயும் இன்டர்நெட் இருக்கு" என்றார் மால்கம். என்ன சொல்வதென்று தெரியாமல் சொன்னது.

"இருக்கும். அங்க இருந்துக்கிட்டு எங்க தெருக் குப்பையப் பத்திப் பேச உங்களுக்கு என்ன உரிமை?" மூச்சு வாங்கினாள். முகம் சிவந்திருந்தது. "உங்க பொண்ணு கூப்பிடறா. அவ கூப்பிடறதுதான் நியாயம். அதனாலதான் நேத்து நான் ஒண்ணும் எழுதல. அப்புறம் ராத்திரியெல்லாம் தூக்கம் வரல. சொல்லிட்டேன். இனிமே உங்க இஷ்டம்."

திரும்பிப் போய்த் தன் தொட்டியை உருட்ட ஆரம்பித்தாள். அது நடைபாதை ஓரத்தில் மாட்டிக்கொண்டு அவளை அவமானப்படுத்தியது.

"தலைவா," என்றான் ஷேன் மேலிருந்து. "நான் போகச் சொன்னது நாட்டை. உங்கள இல்ல."

மால்கம் உள்ளே போனார். உடனே போன் செய்யவில்லை. ரோஸ்மண்ட் சொன்னதில் 'உங்க பொண்ணு கூப்பிடறா' என்பது அவரைக் குத்திக்கொண்டிருந்தது. இத்தனை நாள் ஜோசலின் சொன்ன படியையும் பனியையும் எடைபோட்டாரே ஒழிய, அவற்றுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. இரண்டு வீடு தள்ளியிருப்பவள் சொல்லும்வரை காத்திருந்தவர், மகளைக் கேட்காமலே தீர்ப்பு எழுதியிருந்தார்.

பிறகு போன் செய்தார்.

"தேதி பார்த்தாச்சா டாட்?"

"ஜோசி, ஒண்ணு கேக்கணும். நான் அங்க வரணும்னு உனக்கு ஆசையா? இல்ல, கடமைன்னு கூப்பிடறியா?"

அந்தப் பக்கம் பாத்திரத்தை யாரோ கழுவும் சத்தம் நின்றது.

"என்ன கேள்வி டாட் இது, காலங்காத்தால?"

"சும்மா சொல்லு. கோச்சுக்க மாட்டேன்."

"கடமைதான்" என்றாள். "ஆசையும்தான். எது எவ்வளவுன்னு எனக்கே தெரியலை. சுவருக்குப் பெயின்ட் அடிக்கும்போது ஆசையா இருக்கும். நீங்க வந்து அடுப்புப் பக்கத்துல நின்னுக்கிட்டு நான் செய்யறதையெல்லாம் ஒண்ணும் சொல்லாம பார்த்துக்கிட்டே இருப்பீங்களேன்னு நினைச்சா பயமா இருக்கும்" என்றாள்.

மால்கம் சிரித்துவிட்டார். அவர் சத்தமாகச் சிரித்து அவள் கேட்டு வெகுகாலம் ஆகியிருக்க வேண்டும். "அழறீங்களா டாட்?" என்றாள்.

"இல்லம்மா. சரியாச் சொன்ன. நல்லாச் சொன்ன." அவர் அவளிடம் 'நல்லா' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. இருவருக்கும் அது தெரிந்தது. இருவருமே அதைப் பற்றிப் பேசவில்லை.

"ஜோசி, நான் இங்கயே இருக்கேன். கிறிஸ்துமஸ்ல வரேன்னு சொன்னேன், தப்பு. அந்த ரூமை வேற எதுக்காவது வச்சுக்கோ. கோடைல ஒரு மாசம் வந்து தங்கறேன், அடுப்புப் பக்கம் வரமாட்டேன்."

"ஓ" என்றாள் அவள். அது வருத்தமா நிம்மதியா என்று அவரால் பிரித்தறிய முடியவில்லை.

"பனில விழுந்தா?"

"கத்தறதுக்கு இங்க ஒரு அம்மா இருக்காங்க. தெருக்கோடி வரைக்கும் கேக்கும்."

"யாரு? அந்த மஞ்சள் கதவா? உங்க பரம எதிரின்னு சொல்வீங்களே, அவங்களா?"

"அவங்களேதான்."

"அவங்க உங்கள இருக்கச் சொன்னாங்களா?"

"திட்டினாங்க" என்றார் மால்கம். "நடுத்தெருவுல வச்சுத் திட்டினாங்க."